எண்ணியவர் யார்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துட்டுத் திரும்பிடுறாங்க. அருகிலேயே திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது உயிர்துறந்த இடம், என்கிறது அங்குள்ள பழங்கல்வெட்டு. இன்னொன்று, இளைய பட்டாரர் 30 நாள் நோற்றதைப் பதிகிறது.

குருவின் பெருமை பேசும் பிரதிகளாகவே இவற்றை வாசித்துவருகிறோம். சரி, 57 என்று எண்ணியது யார்? இறந்தவர் தன் கடைசி நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது. கூட இருந்து பார்த்த ஒருவர் வேண்டும். பெயரற்ற அவரையே மாணவர் என்கிறேன்.

சீடராவது அதிகாரத்துக்கு உடன்படுவது என்று சொல்லிட்டு நகர்வது நமக்குச் சுலபம். நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் சமணத்தில், சல்லேகனை நோற்பவருக்குத் துணையிருப்பதும் துறவியின் கடமை. நோன்பை முறிக்கக் கூடாது. விட்டுப் போகவும் கூடாது. வெறும் கீழ்ப்படிதலால் இது ஆகுமா? பசியில் ஒடுங்கும் உடம்பைத் தினம் பார்க்கணும். அந்த மனம் ஒருநாளாவது கலங்கியிருக்காதா?

கல் அதைச் சொல்வதில்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கு. ஆசிரியரை எழுதித் தன்னை எழுதாமல் விட்டதை அடிமைத்தனம் என்பதா, பயிற்சியின் நிறைவு என்பதா? முதல் பதிலில் எனக்கிருந்த உறுதி இப்போ இல்லை.