நக்கீரர் என்னும் பெயர்: சங்கறுப்புக் கதையும் சொல்லமைப்பும்

நக்கீரர் என்றதும் தமிழர் நினைவில் எழுவது, தருமியின் பாடலில் அவர் குற்றங்கண்ட கதையாகும். அக்கதையை ஒட்டி வழங்கும் தனிப்பாடல் ஒன்று, சங்கை அறுக்கும் ஓசையோடு கீரன் என்னும் பெயரைப் பிணைத்துப் புலவரை எள்ளுகிறது. 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படம் இவ்வெள்ளலைப் பரவலாக அறியச் செய்தது. இதன் துணைகொண்டு நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவர் என்றும், அகநானூறு 24ஆம் பாடலில் சங்கறுப்போராக வரும் வேளாப் பார்ப்பார் மரபினர் என்றும் கூறுவதுண்டு. பெயரிலிருந்து குலத்தைப் பெறும் இம்முடிபு மறுஆய்வுக்குரியது.

நக்கீரன் என்பது ந + கீரன் எனப் பிரியும். ‘ந’ என்பது நன்மை, சிறப்பு ஆகிய பொருள் தரும் முன்னொட்டு. முல்லைப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார், சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் நத்தத்தனார், பெண்பாற் புலவர்களாகிய நச்செள்ளையார், நக்கண்ணையார், நப்பசலையார் ஆகியோர் பெயர்களிலும் இதுவே பயில்கிறது. முன்னொட்டை நீக்கின் பூதன், தத்தன், செள்ளை என வழக்கிலிருந்த இயற்பெயர்களே எஞ்சும். நல்லந்துவனார், நன்னாகனார் என உயிர், மெல்லினம் ஆகியவற்றின் முன் ‘நல்’ என்பதன் வடிவங்கள் வருகின்றன. வல்லினத்தின் முன் ‘ந’ வந்து ஒற்று மிகுவது பெருவழக்கு. நற்சேந்தனார் போன்ற வடிவங்களும் உள்ளமையால் இதனை விலக்கில்லா விதியாகக் கொள்ளல் ஆகாது. ‘நச்’ எனத் தொடங்குவன எல்லாம் இவ்வகையின என்பதும் பிழை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயரில் உள்ளது விரும்புதலைக் குறிக்கும் ‘நச்சு’ என்னும் வினையாகும்.

எஞ்சும் ‘கீரன்’ தொழிற்பெயரா, இயற்பெயரா என்பதே அடுத்த வினா. இளங்கீரனார், மூலங்கீரனார், அல்லங்கீரனார், தும்பிசேர்கீரனார் எனச் சங்கப் புலவர் பலர் இப்பெயர் பூண்டுள்ளனர். இயற்பெயரின் முன் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் புணருமாற்றைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் வரையறுக்கிறது. சாத்தன் + தந்தை சாத்தந்தை ஆவதுபோலக் கீரன் + தந்தை கீரந்தை ஆகும். பரிபாடற் புலவர் கீரந்தையாரின் பெயர் இவ்விதிக்கு இயைந்து நிற்றலால், கீரன் இயற்பெயராக வழங்கியமை தெளிவு.

இப்பெயர் ஒரு குலத்துக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வரும் கீரந்தை பார்ப்பனன். கழார்க் கீரன் எயிற்றியாரின் பெயரிலோ கீரன் என்பது எயினர் குலப் பெண்ணைச் சுட்டும் எயிற்றி என்பதோடு சேர்ந்து நிற்கிறது. குட்டுவன் கீரனாரின் பெயரில் சேரர்க்குரிய குட்டுவன் என்னும் பெயர் முன்நிற்கிறது. பல சூழல்களில் வழங்கிய ஒரு பெயரைக் கொண்டு ஒருவரின் குலத்தைத் துணிதல் இயலாது.

பிளத்தலைக் குறிக்கும் ‘கீறு’ என்னும் வினையோடு இதனை இணைப்பதும் பொருந்தாது. வினையில் உள்ளது றகரம்; பெயரில் உள்ளது ரகரம். இவ்விரண்டும் ஒலியில் வேறுபட்டிருந்த காலத்துப் பெயர் இது. தனிப்பாடலோ சொல்லின் பிறப்பை ஆராய்வதன்று. ஒலியொப்புமையால் நகைவிளைக்கும் சிலேடை.

நக்கீரரின் குடும்பத்தைப் பற்றிய பழைய குறிப்பு அவர் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்னும் அவ்வழக்கில் கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும். அஃது எழுத்துக் கற்பித்தவர் ஒருவரின் மகனையே காட்டுகிறது. சங்கும் அரமும் அதில் இல்லை. ஆகவே நக்கீரன் என்பதற்குச் ‘சிறப்புடைய கீரன்’ என்பதே சொல்லமைப்பு தரும் பொருள். வசைக்காகப் புனைந்த சிலேடையைக் குலச்சான்றாக்குவது, கதையில் வெல்லும் தரப்பின் ஏளனத்தைப் புலவரின் வரலாறாக ஏற்பதாகும்.