ஒப்பனை அறைக்குள் போகாத பேசும்படம்

ஹாலிவுட் பேசத் தொடங்கிய கையோடு நாடகக் கொட்டகையின் பின்புறத்துக்குள் நுழைந்துவிட்டது. ‘தி பிராட்வே மெலடி’, ரூபன் மமூலியனின் ‘அப்ளாஸ்’ இரண்டும் 1929இல் வந்தவை. ‘அப்ளாஸ்’ வயதாகிவரும் ஓர் ஆட்டக்காரியின் கதை. தாயின் தாலாட்டும் மகளின் பிரார்த்தனையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்று மமூலியன் இரண்டு மைக்குகள் வைத்துப் பதிவு செய்தார். மேடையில் ஆடுபவள் உள்ளே படும் பாட்டைச் சொல்லவே அவருக்கு ஒலி தேவைப்பட்டது.

தமிழ்ப் பேசும்படமோ நாடகக்காரர்களாலேயே உருவானது. ‘காளிதாஸ்’ (1931) நாயகி டி.பி.ராஜலட்சுமி மேடை நடிகை. ‘மேனகா’ (1935) டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்த நாடகம். அதே ஆண்டு ‘நந்தனா’ருக்காகக் கே.பி.சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கினார். புராணமும் மேடைப்பாட்டும் திரைக்கு வந்தன. அரிதாரம் கலைக்கும் நேரம் வரவில்லை.

அந்த நேரத்தைத் தேடுபவர் நினைவுநூல்களுக்குத்தான் போக வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை தி.க.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ என் பார்வையில் இத்துறையின் மூலநூல். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவான பால சபையில் வளர்ந்தவர் அவர். இத்தகைய பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போய்விடும், பிழைப்பும் ஆட்டம் காணும். குரலே மூலதனமான அந்த உலகிலிருந்துதான் பேசும்படம் ஆள் எடுத்தது. மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இலேயே மறைந்ததால் அவர் குரல் இசைத்தட்டில் மட்டும் தங்கியது.

ஆய்வாளர்களில் தியடோர் பாஸ்கரன் (1981) மேடையையும் சினிமாவையும் தேசிய அரசியலோடு சேர்த்துப் படித்தார். ஸ்டீபன் ஹியூஸ் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடுவில் கிராமபோனை வைத்தார். அது பெரிய திறப்பு. ஸ்பெஷல் நாடக நடிகைகள் சுமக்கும் அவப்பெயரைச் சூசன் சைசர் (2005) அவர்களோடு பழகி எழுதினார். மூன்றிலும் எனக்கு நெருக்கமானது இதுதான்.

இந்த வரிசையோடு நான் சேர்த்துப் படிக்கச் சொல்வது ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ (1998). பெங்களூர் ஆலைத் தொழிலாளர்களோடு கோலார் தங்கவயல் தொழிலாளர்களையும் பற்றியது. தெருக்கூத்து வேரோடிய வட ஆற்காட்டிலிருந்து வந்த தலித் குடும்பங்கள் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கின. அவர்கள் மைசூர் அரசின் எல்லைக்குள் வாழ்ந்த தமிழர்கள். கன்னடத்தின் முதல் பேசும்படமான ‘சதி சுலோசனா’வும் (1934) சுப்பையா நாயுடு, நாகேந்திர ராவ் என்ற மேடைக் கலைஞர்களோடுதான் பிறந்தது. கன்னட சினிமா வரலாறும் சென்னையை மையமாக வைத்த தமிழ் வரலாறும் நாடகமும் படமும் பார்த்த இந்தச் சுரங்கத் தொழிலாளர்களை ஓரத்தில் விட்டுவிடுகின்றன. ஷிப்டு முறையில் உழைத்தவர்கள் எந்த நேரத்தில் நாடகமும் படமும் பார்த்தார்கள், பகலில் பாறை உடைத்தவர்களில் யார் இரவில் அரிதாரம் பூசினார்கள் என்ற கேள்விகளே வேறு வரலாற்றைத் தரும்.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் தொழிலாளர் குடியிருப்புகளில் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடக நோட்டீசுகளையும் அவர்கள் வாய்மொழியையும் திரட்டுவதுதான் இத்துறையின் அடுத்த வேலை.