ஆக்கியோன் எனும் கருத்து: தொடராற் பெயர்பெற்ற புலவரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலக்கியத்தை ஆக்குபவர் யார் என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. தனிமனிதனின் உள்ளொளியே படைக்கிறது என்பது ஒன்று. மொழியே பேசுகிறது, ஆசிரியன் இறந்துவிட்டான் என்பது, 1967இல் வெளிவந்த றோலன் பார்த்தின் கட்டுரையைத் தொடர்ந்து பரவிய மற்றொன்று. முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. எழுதுதல், குறிப்பிட்டதொரு சமூகத்தில், அச்சமூகம் அளித்த கருவிகளைக் கொண்டு நிகழும் உழைப்பு என்பதை இரண்டுமே கருத்திற் கொள்வதில்லை. சங்கத் தொகைகளிற் காணப்படும் ஒரு பெயரிடு வழக்கம் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்த வல்லது.

பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கின்படி சங்கப் பாடல்கள் 2381. அவற்றுள் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் உள்ளோரிலும் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவர்தம் பாடல்களில் அமைந்த தொடர்களாற் பிறந்த பெயர்கள். இங்கு ஆக்கமே ஆக்கியோனுக்குப் பெயர் அளித்துள்ளது.

இப்புலவர்கள் எவ்வாறு பாடல் இயற்றினர்? பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982), ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. ஹோமரின் காவியங்களையும் யூகோஸ்லாவியப் பாடகரையும் ஆராய்ந்து மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் கண்ட வாய்மொழி ஆக்கமுறையை அது சங்கச் செய்யுளிலும் இனங்கண்டது. எழுத்தறிந்த புலவர்கள் வாய்மொழி மரபைத் தழுவி இயற்றியவையே இவை என 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். எக்கருத்தைக் கொள்ளினும், திணையும் துறையும் வாய்பாடும் பலர்க்கும் பொதுவான முதலாக இருந்தன என்பது மறுக்கவொண்ணாதது.

ஆயினும், பொதுமுதல் என்று கூறி அமைந்துவிடின், அது யாந்திரிகப் பொருள்முதல்வாதமாகவே முடியும். வினைவயிற் பிரிந்தோன் படும் அல்லல் எல்லாப் புலவர்க்கும் பொதுவான பொருள். காதலியிடம் மீளத் தூண்டும் நெஞ்சுக்கும் வினையை முடிக்கப் பணிக்கும் அறிவுக்கும் இடைப்பட்ட உடலை, இரு களிறுகள் பற்றியிழுக்கும் தேய்ந்த கயிறாகக் கண்டது ஒரு தனிப்புலவரின் உழைப்பு. அக்கயிறும், மீன்பிடிப்போர் தூண்டிலும், குப்பைமேட்டிற் பொரும் கோழியும் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. பொது உடைமையிலிருந்து புதியதொன்றை ஒருவர் ஆக்கினார். கேட்டோரோ தொகுத்தோரோ அப்புதுமையை இனங்கண்டு, அதனையே அவர் பெயராக்கினர். எனவே ஆக்கியோன் என்பது ஆக்குபவருக்கும் ஏற்போருக்கும் இடையிலான ஒரு சமூக உறவு எனலாம்.

பரிசில் நாடிய புலவரின் உலகில் நிலவிய இவ்வுறவை, அச்சும் சந்தையும் பிறிதொன்றாக மாற்றின. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், நூலாசிரியனைச் சட்டப்படி உரிமையாளன் ஆக்கியது. வரலாற்றின் ஒரு கட்டத்திற் றோன்றிய இவ்வுரிமையாளனையே என்றுமுள்ள ஆக்கியோனாகக் கருதுவதனால், பெயரில்லாத ஆக்கங்களை உழைப்பில்லாத ஆக்கங்களாக நோக்கும் மயக்கம் உண்டாகிறது.

இம்மயக்கத்தின் விளைவை நாட்டார் பாடற் றொகுதிகளிற் காணலாம். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். நாற்று நடுகையிலோ கொழுந்து பறிக்கையிலோ பாடிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் உள்ளேயும் இராது. “மக்கள் பாடியவை” என்ற பொதுக்கூற்று மக்களைப் போற்றுவது போலத் தோன்றினும், மரபடியைத் திருத்தியும் புதுவரி சேர்த்தும் பாடிய தனியொருவரின் ஆற்றலை அது மறைத்துவிடுகிறது. பாடியவர் பெயர், இடம், தொழிற்சூழல், பாடபேதம் ஆகியவற்றைப் பதிவுசெய்வது ஆய்வாளரின் முதற் கடமையாதல் வேண்டும். ஒரு தொடரைக் கேட்டு அதனை ஆக்கியவரை நினைவிற் கொண்ட பண்டைத் தொகுப்பாளரினும் நாம் குறைந்தவர்களாக இருத்தல் தகாது.