வெண்ணெய் உருண்டையோடு திரும்பும் வேன்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி டூர் என்றாலும், திருவள்ளூர்ப் பள்ளிகளில் ஒருநாள் சுற்றுலா என்றாலும் மாமல்லபுரம் பட்டியலில் கட்டாயம் இருக்கும். வேன் சென்னையை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிடும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டையைக் கையால் தாங்குவதுபோல ஒரு படம். அடுத்து முதலைப் பண்ணை. குன்றின் மேலுள்ள குடைவரைகளுக்குக் காலில் தெம்பு மிச்சமிருப்பவர்கள் மட்டும் ஏறிப் போய் எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. செப்புத் திருமேனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடும், குடைவரை வராது. பார்க்க வேண்டியவர்தான் பாறையிடம் போக வேண்டும். அப்படிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிடாசுரமர்த்தினி குடைவரை ஒன்றே போதும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் போர். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு தேவி வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எருமைத் தலை கொண்ட அசுரன் கதையைப் பிடித்தபடி பின்வாங்கிச் சாய்கிறான். ஆனால் இன்னும் சாகவில்லை. முடிவு தெரியாத அந்தக் கணத்தைத்தான் சிற்பி தேர்ந்தெடுத்திருக்கிறான். எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார். நடுவில் கருவறையில் சோமாஸ்கந்தர். வேகத்துக்கும் துயிலுக்கும் இடையில் நாம் நிற்கிறோம். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பும்போது மனத்தில் நேர்வதை எந்தப் படமும் தராது. பத்து நிமிடமாவது அங்கே நிற்க வேண்டும். வேன் அட்டவணையில் அந்தப் பத்து நிமிடம் இல்லை என்பதே இந்த வழக்கத்தின் முதல் குறை.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. முடிந்த சிற்பத்தை மட்டுமே காட்டுகிறோம். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன வேலைகள் நிறைய. பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய கல்லை உளியால் தட்டி எடுத்த முறை அவற்றில் அப்படியே தெரியும். இதைப் படிக்கத் தெரிந்த கண் யாருக்கு உண்டு? லேத்திலும் மில்லிங்கிலும் நாள் முழுதும் நிற்பவருக்குத்தான். கூடுதலாக வெட்டிவிட்டால் அவருக்கு ஒரு பீஸ் ரிஜெக்ட். சிற்பிக்கு மாற்றுப் பாறையே கிடையாது. பாதாமியில் மணற்கல்லில் குடைந்தார்கள். பல்லவச் சிற்பிகளுக்கு வாய்த்தது கடுமையான கருங்கல். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எழுப்பிய கோயில் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பெருமிதம் கொண்டதன் எடை, தொழில் தெரிந்தவருக்கு உடனே புரியும். அவரை வெண்ணெய் உருண்டையோடு திருப்பி அனுப்புவது அநியாயம். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே உழைக்கும் இளைஞர்களுக்கு உதயகிரி, கண்டகிரி சமணக் குகைகள் சொந்த ஊர்ச் சொத்து. அவர்களையும் பேசவிட்டால் ஒப்பீடு தானாக வரும்.

கூட்டம் வருவதால் கல் தேய்கிறது, பெயரைக் கீறுகிறார்கள் என்பது உண்மையான குற்றச்சாட்டு. அதற்காகக் கம்பி வேலி போட்டுத் தூர நிறுத்தினால் குடைவரையை வெறும் முகப்பாக்கிவிடுவோம். வழிபாடு நடந்தால் காப்பாற்றப்படும் என்ற வாதத்தையும் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆதிவராகர் குடைவரையில் பூசை இன்றும் தொடர்கிறது. அதனால் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அங்குள்ள அரச உருவங்களை நிதானமாகப் பார்க்க வாய்ப்பது அரிது. பல்லாவரத்தில் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறித்த குடைவரை பிற்காலத்தில் இசுலாமியர் வழிபாட்டிடமாயிற்று. அங்கே போகிறவர் கலை பார்ப்பவராக மட்டும் நடந்துகொள்ள முடியாது. வழிபடுவோர் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நடக்க வேண்டும். இந்த நடத்தையைப் புறப்படும் முன் சொல்லித்தருவதில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டிக்கு அருகே குடியம் குகை இருக்கிறது. காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். யாரும் குடைந்ததல்ல, இயற்கையாக அமைந்த பெரும் பாறை ஒதுக்கிடம். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்காலக் கருவிகளை எடுத்த இடம். அங்கே அம்மன் வழிபாடும் உண்டு. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு அங்குள்ள கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தது. மனிதன் கல்லைத் தட்டி உருவாக்கிய கதை நம் வாசலில் தொடங்குகிறது. நாமோ அதன் கடைசி அத்தியாயங்களுக்கு மட்டும் வேன் பிடிக்கிறோம்.

டூர் ஏற்பாடு செய்யும் மேலாளர்களும் ஆசிரியர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு ஞாயிறு பூண்டி அருங்காட்சியகத்துக்கும் குடியத்துக்கும் ஒதுக்குங்கள். மாமல்லபுரத்துக்கு இன்னொரு நாள் விடியலிலேயே கிளம்புங்கள். அங்கே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரு குடைவரை, ஒரு முடியாத வேலை, இரண்டுக்குமாக ஒரு மணி நேரம் கொடுங்கள்.