தவளைத் தோலின் அருமை

தவளையின் தோலை வழவழப்பு என்று முகம் சுளித்து ஒதுக்குகிறோம். அந்த வழவழப்பில்தான் அதன் உயிரே இருக்கிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றின் மெல்லிய தோலை ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும். நுரையீரல்தான் இருக்கிறதே, தோலுக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்கலாம். கரியமில வாயுவில் பெரும்பங்கு வெளியேறுவது தோல் வழியாகத்தான். தவளையின் உறவான சாலமாண்டர்களில் ஒரு பெருங்குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. தவளைகளைக் கொல்லும், 1999இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை தாக்குவது தோலை. ஆனால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, கடைசியில் நின்றுபோவது இதயம்.

கால்நடை மருத்துவச் செவிலியர் படிப்பில் இருப்பவர்களுக்கு இதுவே முதல் பாடமாக இருக்க வேண்டும். தவளைக்கு மயக்க மருந்தைக்கூட ஊசியில்லாமல் நீரில் கரைத்துத் தோல் வழியாகவே கொடுக்கலாம். வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசினால் மெல்லத் தெளியும். (எந்த நாய்க்கு இந்த வசதி உண்டு?) அதே வாசல் வழியாகக் குளோரினும் கையில் ஒட்டிய சோப்பும் நுழையும். கையுறை நம்மைக் காக்கத்தானே என்பார்கள். சில தேரைகளின் நஞ்சைப் பொறுத்தவரை அது சரி. மற்றபடி அது காப்பது தவளையை. ஆகவே மாவு பூசாத கையுறையை மாட்டி, குளோரின் நீக்கிய நீரில் நனைத்த பிறகே தொடுங்கள்.