பட்டம் யாருடையது?

மலேசியாவில் நம் சங்கங்கள் விடுக்கும் மடல்கள் சிலவற்றில் 'திரு. டான்ஸ்ரீ' என்றும், டான்ஸ்ரீ பட்டம் பெற்ற பெண்மணியைப் 'புவான் ஸ்ரீ' என்றும் எழுதக் காண்கிறோம். இரண்டும் பிழை. பட்டமே மதிப்பைத் தாங்கி நிற்றலின் முன்னதில் 'திரு' மிகை. பின்னதோ பொருளையே கெடுக்கிறது.

'புவான் ஸ்ரீ' டான்ஸ்ரீயின் மனைவிக்குரியது. துன் பட்டத்தாரின் மனைவி 'தோ புவான்'. துன் சம்பந்தனாரின் துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் எனப்பெற்றது இம்முறை பற்றியே. ஆனால், 2000 முதல் 2016 வரை பேங்க் நெகாரா ஆளுநராயிருந்த ஸெத்தி அக்தார் அசிஸ் தாமே பட்டம் பெற்றவர்; ஆதலின் அவர் டான்ஸ்ரீயே. அத்தகையாரைப் 'புவான் ஸ்ரீ' என்பது, அவர் உழைத்துப் பெற்ற சிறப்பைக் கணவர்வழி வந்ததாக்கிவிடும்.

மடல் வரையப் பயிற்றும் ஆசிரியர்கள், 'பட்டம் யாருடையது?' என்று முதலில் வினவ மாணவரைப் பழக்குவார்களாக.