யோபு அவ்வளவு பொறுமைசாலி இல்லை

பொறுமை என்றால் கிறிஸ்தவ வீடுகளில் யோபுவைத்தான் உதாரணம் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு அதிகாரத்தோடு புத்தகத்தை மூடியவர்கள் என்பது என் சந்தேகம். பழைய ஏற்பாட்டில் இருக்கும் யோபு புத்தகத்துக்கு மொத்தம் 42 அதிகாரங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் ஒதுக்கினால் படித்துவிடலாம்.

கதை தெரிந்ததுதான். நல்ல மனுஷன். ஆடு மாடு, பத்துப் பிள்ளைகள், உடம்பு என்று எல்லாம் அடுத்தடுத்துப் போகிறது. முதல் இரண்டு அதிகாரம் உரைநடை. அதில் யோபு குறையே சொல்வதில்லை. மூன்றாவதில் கவிதை ஆரம்பிக்கிறது. எடுத்த எடுப்பிலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அப்புறம் கடவுளைக் கோர்ட்டுக்கு இழுக்காத குறைதான்.

துக்கம் விசாரிக்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து கெடுத்தார்கள். கடவுள் நியாயமானவர், நீ கஷ்டப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்பது அவர்கள் கட்சி. நீதிமொழிகள், உபாகமம் போன்ற புத்தகங்களும் பல இடங்களில் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் சொல்கின்றன. அந்தக் கணக்கோடு சண்டை போடும் ஒரு புத்தகத்தையும் வேதத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் பாருங்கள், அது பெரிய விஷயம்.

சில வருஷம் முன்பு ஒரு நண்பர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தேன். இருபது வயசுப் பையன், விபத்து. சும்மா இருந்திருக்கலாம். ''எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் சார்'' என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ''என்ன காரணம் சார்?'' என்றார். எலிப்பாஸ் வேறு யாருமில்லை, நான்தான்.

38-ம் அதிகாரத்தில் புயலிலிருந்து கடவுள் பேசுகிறார். பதிலா? இல்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று எதிர்க்கேள்விகள். வரையாடு, காட்டுக்கழுதை, தீக்கோழி என்று ஒரு காடே நடந்துபோகிறது. படிக்கப் பிரமாதம். ஆனால் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. யூத மதகுரு ஹெரால்டு குஷ்னரின் மகன் 1977-ல், 14 வயதில், சிறு வயதிலேயே முதுமை வரும் நோயால் இறந்தான். 1981-ல் அவர் எழுதிய புத்தகத்தில் யோபுவைப் படித்து வந்த முடிவு: கடவுள் நல்லவர், ஆனால் எல்லாம் வல்லவர் அல்ல. என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் தர்க்கம் பேசவும் மனசு வரவில்லை.

க்ளைமாக்ஸ்தான் எனக்கு உறுத்துகிறது. 7,000 ஆடு 14,000 ஆகிறது. 3,000 ஒட்டகம் 6,000. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. மறுபடி ஏழு மகன், மூன்று மகள். இறந்த பத்துப் பேரும் கடவுளிடம் இருப்பதால் கணக்கு சரிதான் என்று பழைய உரைகாரர்கள் சொன்னதுண்டு. அழகான விளக்கம். இருந்தாலும் அந்தப் பத்துப் பேருக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. பிள்ளைக்கு மாற்றுப் பிள்ளை உண்டா சொல்லுங்கள்.

ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு தீர்ப்பு வருகிறது. கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய மூவர் மேலும் கடவுளுக்கே கோபம். கத்திய யோபு பேசியதுதான் சரி என்கிறார். அவர்களுக்காக யோபுதான் வேண்டிக்கொள்ள வேண்டுமாம். கோபமும் ஜெபத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

நண்பர் வீட்டுக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது அவர்தான், ''அடிக்கடி வாங்க சார்'' என்றார்.